முதலில் சூடு, பிறகு கத்தி

என் ஏழுமலை அண்ணாவுக்கு, உன் வாயாடித் தங்கச்சி எழுதுவது.

நீ போய் இரண்டு ஐப்பசி ஆகிவிட்டது. முதல் வருஷ நினைவு நாளுக்கு உன் மச்சான் பலராமன் பஸ் ஸ்டாப்பில் ஒரு பேனர் கட்டினான். அதில் உன் முகத்தைவிட அவன் முகம்தான் பெரிதாக இருந்தது. இந்த வருஷம் அண்ணி, "பேனரும் வேணாம், ஒண்ணும் வேணாம். கலாவ நாலு வரி எழுதச் சொல்லுங்க. அவதான் பேசாம இருக்க மாட்டாளே" என்று சொல்லிவிட்டார். ஆக, இது உன் பெண்டாட்டியின் உத்தரவு. எங்கள் பள்ளி ஆசிரியர்கள் நடத்தும் சின்னப் பத்திரிகையில் வரப்போகிறது. ஊரே படித்தாலும் பரவாயில்லை, இது உனக்குத்தான்.

எதை முதலில் சொல்வது? புயலைச் சொல்லவா? உனக்கு முதல் வருஷத் திதி கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்கழியில் 'தானே' புயல் வந்தது. அண்ணாகிராமம் பக்கம் ஒரு முந்திரிக் காடு நிற்கவில்லை. நம் கொல்லையில் பலாவும் போயிற்று. போய்ப் பார்த்துவிட்டு நான் ஓவென்று அழுதேன். அண்ணி அழவில்லை. விழுந்த மரத்தை ஆள் வைத்து அறுத்து விறகாக அடுக்கிவிட்டு, மறு வாரமே பண்ருட்டியில் கொட்டை உடைக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார். இப்போது கப்பலில் வரும் வெளிநாட்டுக் கொட்டைதான் அங்கே வறுபடுகிறது.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பங்குனியில் அண்ணிக்கு மார்பில் கட்டி வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை சிதம்பரத்துக்கு பஸ் ஏறி வந்தார். நான் அடுப்படியில் பீன்ஸ் அரிந்துகொண்டிருந்தேன். "கலா, கதவச் சாத்து. ஒண்ணு காட்டணும்" என்றார். என் கையைப் பிடித்து அவரே அந்த இடத்தில் வைத்தார். அரைநெல்லிக்காய் அளவுக்குக் கல்லாக இருந்தது. வலி கிடையாது. குளிக்கும்போது தட்டுப்பட்டு எட்டு நாள் ஆகிவிட்டதாம். "யார்கிட்டயும் சொல்லல. பலராமனுக்குத் தெரிஞ்சா குறி கேக்க இட்டுனு பூடுவான். அதான் ஒங்கிட்ட வந்தன்" என்றார்.

அண்ணா, நீ போன பிறகு அண்ணியும் நானும் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. அப்படியும் என்னிடம்தான் வந்தார். பீன்ஸை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

படம் எடுத்தார்கள், ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான். ஆனால் ஆரம்ப நிலை. டாக்டரம்மா நம் கடலூர்க்காரர். பேச்சில் அவசரமே கிடையாது. "நல்ல நேரத்துல வந்துட்டீங்கம்மா. அக்குள்ல பரவுன மாதிரி தெரியல. சின்ன ஆபரேஷன்தான், மார்பை முழுசா எடுக்க வேண்டியதில்ல" என்றார். 'ஆபரேஷன்' என்ற சொல்லிலேயே அண்ணிக்குக் காது அடைத்துவிட்டது. அவர் தெருவில் ஒருத்திக்கு மார்பை முழுவதும் எடுத்து, கை வீங்கி, அதற்குப் பிறகு அவள் ஒரு கல்யாணம் காதுகுத்துக்கும் வரவில்லையாம். "கத்தி மட்டும் வேணாம் டாக்டர். வேற என்னா வேணாலும் பண்ணுங்க" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

அப்போதுதான் டாக்டரம்மா இன்னொரு வழியையும் சொன்னார். ஒரு நீள ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, அதன் முனையில் சூடு ஏற்றி, கட்டியை உள்ளேயே வேகவைத்துக் கொன்றுவிடுவது. மூன்று வாரம் கழித்து, வெந்த கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் சதையோடு அறுத்து எடுத்து, முழுதும் செத்ததா என்று பார்ப்பது. "இது புதுசு. சின்னக் கட்டிக்குத்தான் சரிவரும். சூடு மட்டும் போதும், அறுக்கவே வேணாம்னு சொல்ற காலம் இன்னும் வரல. கட்டாயம் இல்ல. நேரா ஆபரேஷன் பண்ணிக்கிறதுன்னாலும் சரிதான்" என்றார். அழுகையில் அண்ணியின் காதில் ஏறியது 'சூடு' ஒன்றுதான். அதனால் டாக்டரம்மா, தமிழில் அச்சடித்த இரண்டு பக்கத் தாளைக் கொடுத்து, வீட்டில் நிதானமாகப் படித்துக் காட்டி, அண்ணியே யோசித்துக் கையெழுத்துப் போடட்டும் என்று அனுப்பினார்.

இனி வருவதுதான் நான் செய்த காரியம். வீட்டில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாடம் நடத்துவதைப் போல முதல் பக்கத்தை வாசித்தேன். சூடு எப்படி வைப்பார்கள், எவ்வளவு நேரம் ஆகும், எல்லாம். அறுப்பது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை வாசிக்கவே இல்லை, தாளை மடித்துவிட்டேன்.

"கத்தி இல்லல்ல?" என்று அண்ணி கேட்டார்.

"இல்ல அண்ணி. சூடு வச்சே கட்டிய சாகடிச்சுடுவாங்க."

"நீ படிச்சவ. நீ சொன்னா சரி."

மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டார். முழுவதும் படித்துக் காட்டினீர்களா என்று நர்ஸ் கேட்டபோது, காட்டினேன் என்று கூசாமல் சொன்னேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். ஒரு பொய் சொல்லி ஓர் உயிரைக் காப்பாற்றக் கூடாதா? எனக்கு நானே இப்படி ஒரு நியாயம் பேசிக்கொண்டேன். முதலில் உள்ளே போகட்டும், மிச்சத்தைப் பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சித்திரையில் சூடு வைத்தார்கள். ஊரெல்லாம் கரண்ட் இல்லாமல் புழுங்கிக் கிடந்த நாட்கள் அவை. தியேட்டருக்குள் போகும்போது அண்ணி டாக்டரம்மாவைக் கேட்டாராம்: "நடுவுல கரண்டு பூடுச்சின்னா அரைவேக்காடா நின்னுக்குமே, என்னா பண்ணுவீங்க?" ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அடக்க முடியாமல் சிரித்தாராம். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் அண்ணிக்கு ஒரே வாய். "மரத்துப்போற ஊசி போட்டாங்க. உள்ளாற தெரியுற டிவில பாத்துக்கினே அந்த நீள ஊசிய உள்ள வுட்டாங்க. கால்ல ஒரு பட்டை ஒட்டுனாங்க, கரண்டு அது வழியா எறங்குமாம். மேல தோலு வெந்துடக் கூடாதாம், அதுக்கு ஐஸு. உள்ள நெருப்பு, வெளிய ஐஸு. என்னா வைத்தியம்டி இது!"

ஊருக்குப் போனதும் பலராமன் தன் வைத்தியத்தை ஆரம்பித்தான். ஏற்கெனவே சூட்டு உடம்பு, அதில் இன்னும் சூடு ஏற்றிவிட்டார்களே என்று தினம் இளநீர், நுங்கு, ஊறவைத்த வெந்தயம். ஒரு வாரத்தில் அண்ணிக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம். ஆனாலும் மனுஷி சந்தோஷமாக இருந்தார். கம்பெனியில் எல்லாரிடமும் "கட்டி வெந்து பூடுச்சி, கத்தியே படல" என்று சொல்லி, மாரியம்மனுக்குப் பொங்கலும் வைத்துவிட்டார். போனில் அதைக் கேட்டுவிட்டு, 'சரி அண்ணி' என்று வைத்துவிடுவேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே நாள் ஓடிவிட்டது.

ஆபரேஷனுக்குப் புதன்கிழமை என்று ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு போன் வந்தது. செவ்வாய் காலை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பண்ருட்டிக்கு பஸ் ஏறினேன். அண்ணி வரமாட்டேன் என்றால்? நான் மூடி மறைத்ததால் உள்ளே ஏதாவது மிச்சம் கிடந்து வளர்ந்தால்? பஸ் முழுக்க எனக்கு இதே நினைப்புதான்.

கம்பெனியில் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணிக்கு உடைக்கும் வேலை இல்லை. வறுத்து இறக்கியதில் பதம் பார்க்கும் வேலை. குவியலுக்கு முன்னால் குந்தியிருந்தார். நேரம் பார்த்து பலராமனும் சாப்பாட்டுத் தூக்கோடு அங்கே வந்திருந்தான். தனியாகக் கூப்பிட்டேன், அண்ணி எழுந்து வரவில்லை. "இங்கயே சொல்லு, எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்றார். சொன்னேன். நாளைக்கு ஆபரேஷன், இது முதலிலேயே எனக்குத் தெரியும், நான்தான் அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

பலராமன்தான் முதலில் குதித்தான். "அதான் வெந்து பூடுச்சே, அப்புறம் எதுக்கு அறுக்கணும்? அவுங்க படிச்சிக்கிறதுக்கு எங்க அக்கா ஒடம்பா கெடைச்சிது? நீ போவாதக்கா!" நான் செல், திசு என்று ஏதோ ஆரம்பித்தேன். எனக்கே நான் பேசுவது புரியவில்லை.

அண்ணி குவியலின் மேலிருந்து ஒரு கொட்டை, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எடுத்துக் கட்டையால் தட்டினார். எப்போதும் செய்கிற வேலைதான். அடியில் எடுத்தது வெளியே கருகலாக இருந்தது, உள்ளே பருப்பு இன்னும் பச்சை. அதை என் மடியில் எறிந்தார்.

"ஏன்டி, படிச்சவ! வறுத்த கொட்டைய ஒடச்சிப் பாக்காமயே மூட்ட கட்டுறவளா நானு? நாள் பூரா நான் பாக்குற வேலையே அதான். சூடு வெச்சிட்டு அறுத்துப் பாப்பாங்கன்னு நேரா சொல்லியிருந்தா எனக்குப் புரியாம பூடுமா? அழுதிருப்பன். ரெண்டு நாள் அழுதுட்டு வந்திருப்பன். இவளுக்கு எங்க தெரியப்போவுதுன்னு நெனச்சில்ல, முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்ச!"

அண்ணா, இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் யாரும் என்னை இப்படிச் செருப்பால் அடித்ததில்லை. அத்தனையும் உண்மை. பயந்த பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்; படிக்காதவள்தானே என்று நினைத்ததுதான் அடியில் கிடந்த காரணம்.

"எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டுக்கொண்டே கையைத் துடைத்து எழுந்தார். பலராமன் வாயைத் திறந்தான். "நீ மூடு, மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்று அவனுக்கும் ஒரு வெட்டு.

கடலூரில் சிதம்பரம் வண்டி மாறி உட்கார்ந்ததும் நானே ஆரம்பித்தேன். உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. நீ சாவதற்கு முதல் நாள் எனக்கு போன் பண்ணினாய். நெஞ்சு எரியுது, இடது கை வலிக்குது என்றாய். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "கேஸா இருக்கும்ணா, சோடா குடிச்சிட்டுப் படு" என்றேன். விடிந்தபோது நீ இல்லை. உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில், "ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவத் தோணலியா ஒங்களுக்கு?" என்று அத்தனை பேர் முன்னால் அண்ணியைக் கேட்டேன். நீ போன் பேசும்போது பக்கத்திலேயே இருந்தவர் அவர். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் செத்திருப்பேன். சொல்லவில்லை. கம்பெனியில் என்னை அத்தனை திட்டு திட்டியபோதும் அதை மட்டும் சொல்லவில்லை. ஏன் அண்ணி என்று கேட்டேன்.

ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "அவரு போன வெச்சிட்டு, கலா சொல்லிட்டா, சரியா பூடும்னாரு. ஒனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ரெண்டு பேருந்தான வுட்டுட்டோம். ஆனா தெரியாம சொன்னது வேற, தெரிஞ்சி மறைச்சது வேற. அதுக்கு ஒன்ன எப்பவோ மன்னிச்சிட்டன். இதுக்கு இன்னும் இல்ல."

டாக்டரம்மாவிடம் நானே உண்மையைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். "அவுங்க ஒடம்பு, அவுங்க கையெழுத்து. நடுவுல நீங்க யாரு டீச்சர்?" புதன்கிழமை ஆபரேஷனை வெள்ளிக்குத் தள்ளிவைத்து, புதுத்தாள் கொடுத்தார். அண்ணி அதை என்னிடம் தரவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, இரண்டு பக்கத்தையும் ஒரு மணி நேரம் படித்தார். பிறகு உள்ளே போய்க் கேள்வியாகக் கேட்டார். கை வீங்குமா? கொஞ்சம் வீங்கலாம், அதற்குப் பயிற்சி சொல்லித்தருவார்கள். எல்லாம் வெந்துபோயிருந்தால் அறுத்தது வீண்தானே? "வீண் இல்லம்மா. வெந்துடுச்சின்னு உறுதியாத் தெரியுமே" என்றார் டாக்டரம்மா. "அத சொல்லுங்க" என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்து நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. கட்டி நடுவில் முழுக்கச் செத்திருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும், கடுகத்தனை இடம், உயிரோடு இருந்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் அறுத்து எடுத்திருந்தார்கள், சுற்றியிருந்த சதை சுத்தம். டாக்டரம்மா இதைச் சொன்னதும் அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அடிக்கொட்ட" என்றார்.

அப்புறம் பாண்டிச்சேரியில் தங்கிக் கதிர்வீச்சுச் சிகிச்சை, ஊர்ப் பேச்சில் 'கரண்ட்', வைத்துக்கொண்டார். மாத்திரை தொடர்கிறது. ஆவணியிலிருந்து கம்பெனிக்குப் போகிறார்.

போன வாரம் கம்பெனியில் கொட்டை உடைக்கும் ராசாத்தியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு வந்தார், நானும் போனேன். நாற்பது வயதுக்குள்தான். அவளுக்கும் கட்டி. என்னைப் பார்த்து, "நீ உள்ள வராத, வெளிய ஒக்காரு" என்றார் உன் பெண்டாட்டி. உட்கார்ந்தேன். உள்ளே பேசுவது நன்றாகவே கேட்டது. ராசாத்தியின் கட்டி பெரிது, சூடு வைக்கிற வழி ஒத்துவராது, நேராக ஆபரேஷன்தான், ஆனால் நிச்சயம் வைத்தியம் உண்டு என்று டாக்டரம்மா விளக்கிக்கொண்டிருந்தார். சட்டென்று ராசாத்தி எழுந்து வெளியே வந்துவிட்டாள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், பூங்காவனம் அக்காவுக்கு வெச்ச மாதிரி எனக்கும் சூடு மட்டும் வெக்கச் சொல்லுங்க டீச்சர். நீங்க படிச்சவங்க. கத்தி வேணாம்ல? வேணாம்னு சொல்லுங்க."

கை ஜில்லென்று இருந்தது அவளுக்கு. வேணாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எழுந்து உள்ளே போய்விடுவாள். என் நாக்கு நுனியில் வந்து நின்றது அண்ணா.

"வேணும் ராசாத்தி," என்றேன். "அக்காவுக்கும் சூடு வச்சப்புறம் அறுத்தாங்க. உனக்கு அறுக்கத்தான் வேணும். வலிக்கும். கொஞ்ச நாளைக்குக் கைய மேல தூக்க முடியாது. முடி கொட்டுற மருந்துகூட போட வேண்டி வரலாம். பண்ணிக்கிட்டா பொழைக்கலாம். பண்ணிக்கலன்னா அது உன்னக் கொன்னுடும்."

அவள் அழுதாள். நான் ஒன்றும் சொல்லித் தேற்றவில்லை. அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க கூட இருப்பீங்களா?" என்றாள். இருப்பேன் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தானே எழுந்து உள்ளே போனாள்.

அண்ணி கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"நீயும் உள்ள வா கலா" என்றார்.

அண்ணா, இனி யாருக்கும் பாதியை மட்டும் சொல்ல மாட்டேன், இது சத்தியம். உனக்கும் முழுசாகவே சொல்லிவிடுகிறேன். அண்ணியின் கை சாயங்காலமானால் கொஞ்சம் வீங்குகிறது. சோதனைக்குப் போகிற அன்று காலையில் அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை, எனக்கும் இறங்குவதில்லை. கட்டி திரும்ப வராது என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார். ஆனால் இன்றைக்கு, உன் நினைவு நாளில், உனக்குப் படைத்த கறிக்குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று என்னோடு சண்டை போட்டுவிட்டு, இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்படிக்கு,
பூங்காவனத்தின் நாத்தனார்,
உன் தங்கச்சி கலா